உனக்காகப் பிடித்தது

நாணல்மேடு,
பழவேற்காடு வழி,
ஜூலை 14

பிக்குவானதால் பந்தே ஆகிவிட்ட அண்ணாவின் பாதங்களுக்கு (செருப்பில்லாமல் நடக்கிறாயாமே, முள் பார்த்து வை) தங்கை ஷாலினி எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம். அங்கு நலமா என்று கேட்டால் "உடம்பு நிலையற்றது" என்று பதில் வருமோ என்ற பயத்தோடு கேட்கிறேன்: நலமா?

மழைக்காலம் முடியும்வரை பிக்குகள் விகாரையை விட்டு வெளியூர் போகக் கூடாது, போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள் என்று நைனா சொன்னார். அதனால் என் வாழ்க்கையில் முதல்முறையாக இன்லேண்டு லெட்டர் வாங்கினேன். போஸ்ட் ஆபீஸ் அக்கா என்னைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டிய பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். உனக்கு அங்கே மழைவாசம். எங்களுக்கு இங்கே கருவாட்டு வாசம்.

உன் புதுப்பெயர் ஊர் வாயில் நுழையவில்லை. "சீலரக்கிதரா? ஜவுளிக்கடை போர்டு மாதிரி கீதே" என்கிறாள் பவுனு பெரியம்மா. சீலை சுற்றிக்கொண்டதால் சீலரக்கிதரா என்று நானும் கேட்டேன். ஒழுக்கத்தைக் காப்பவன் என்று பொருளாம், நைனா சொல்லிப் பூரித்தார். பொன்னேரி காலேஜுக்கு என்று கிளம்பி மாட்டினி ஷோவுக்குப் போனவன் ஒழுக்கத்தைக் காக்கிறானாம். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ரகசியத்துக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

அம்மா உன்னைப்பற்றி நேராகக் கேட்பதே இல்லை. நீ துறவுக்குப் போகிறேன் என்று நின்ற அன்று நைனா தலையாட்டினார், அம்மா தலை நிமிராமல் இறால் உரித்துக்கொண்டிருந்தாள் அல்லவா? இன்னும் அப்படியேதான். டி.வி.யில் வானிலை வந்தால் மட்டும், "கர்நாடகாவுல மழையாம்மா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள்.

நேற்று லோகு மாமா வந்தார். மழைக்காலம் முடிந்ததும் உங்கள் பெரிய பந்தேவும் நீயும் இன்னொருவரும் நம் விகாரைக்கு வருகிறீர்களாம். விகாரை என்றால் பயந்துவிடாதே, அதே தகரக் கூரை அறைதான், சுண்ணாம்பு அடித்திருக்கிறோம். காலனி முழுக்கச் சேர்ந்து உங்களுக்கு உணவு தானம் செய்கிறதாம். அம்மா பறியைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் குந்தி இறால் தடவும்போது பல்லில் கடித்துத் தொங்கவிடுவாளே, அதே பனையோலைப் பறி. அதை அழுத்தமாகக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "வரட்டும். நானே எறங்கி பெருசு பெருசா தடவி எடுத்து தொக்கு வப்பேன். எங்கையால அவனுக்குப் போடுவேன்."

நீ போனபிறகு இந்த வீட்டில் தொக்கு வைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிக்கு இறால் சாப்பிடலாமா? உடனே எழுது. பந்திக்கு முந்து என்பது பழமொழி. பன்னிரண்டு மணிக்குமேல் சோறு கிடையாது என்றால் பந்தேதான் முந்த வேண்டும்.

இங்ஙனம்,
முடி உள்ள தங்கை,
ஷாலினி

*

ஜூலை 29

நமோ புத்தாய. உபாசிகை ஷாலினிக்கு மும்மணிகளின் காவல் உண்டாவதாக. இங்கு மழையும் மனமும் சீராக உள்ளன. அங்கு யாவரும் நலம் என அறிந்து மகிழ்ச்சி.

கேட்டதற்கு விடை. பிக்கு இதுதான் வேண்டும் என்று தேர்ந்து உண்பதில்லை. பாத்திரத்தில் விழுவதே உணவு. மீனோ இறைச்சியோ விழுந்தாலும் உண்ணலாம். ஆனால் ஓர் உயிர் தனக்காகவே கொல்லப்பட்டது என்று கண்டாலோ, கேட்டாலோ, சந்தேகப்பட்டாலோ அதை ஏற்கக் கூடாது. இது விதி.

உபாசிகை ராஜம்மா அவர்கள் எனக்காகவே பிடிக்க இருப்பதை நீ எழுதிவிட்டாய். நான் படித்தும்விட்டேன். ஆகவே அந்த உணவை என்னால் ஏற்க இயலாது. பக்குவமாக எடுத்துச் சொல்லவும்.

உபாசிகை அவர்களின் முழங்கால் வலி எவ்வாறு உள்ளது? நெடுநேரம் தண்ணீரில் குந்தியிருக்க வேண்டாம் எனச் சொல்லவும்.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க,
சீலரக்கிதர்

*

நாணல்மேடு,
ஆகஸ்ட் 6

உபாசிகையாம், முழங்காலாம். பெற்றவளை ரேஷன் கார்டில் இருப்பதுபோல் கூப்பிடுகிற உத்தமருக்கு ஷாலினி எழுதியது. நலம். கோபத்தோடு நலம்.

"இன்னா எழுதிக்கிறான்? படி" என்று அம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். மழை, மனம், முழங்கால் மூன்றையும் படித்தேன். நடுவில் இருந்ததைத் தாண்டிக் குதித்துவிட்டேன். சுவர் ஏறிக் குதிக்க நீ சொல்லிக்கொடுத்தது இப்படியும் பயன்படுகிறது. "அவ்ளோதானா?" என்றாள். "அவ்ளோதான், பந்தேங்க எல்லாம் சுருக்கமாத்தான் பேசுவாங்க" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அம்மாவுக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் வேலை கிடைத்து, வந்த வேகத்தில் போனது உனக்குத் தெரியும். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். நான் அங்கேதான் ஏழாவது படித்தேன், பார்த்தேன். மணி அடித்ததும் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தார்கள். வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். யாரும் திட்டவில்லை, சண்டை போடவில்லை. அண்டாவை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. நம் காலனிப் பிள்ளைகள் நாங்கள் மட்டும் தட்டோடு நின்றோம். நான் திரும்பத் திரும்பப் போய் வாங்கினேன். எப்படியாவது அண்டாவைக் காலி செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வயிறு வெடிக்கிற நிலைக்கு வந்தும் சாம்பார் சாதம் குறையவே இல்லை. "போதும் கண்ணு, வாந்தி எடுப்ப" என்றாள் அம்மா. பிறகு அண்டாவைத் தலையில் வைத்து வீட்டுக்குத் தூக்கி வந்தாள். அந்த வாரமே திரும்பவும் ஏரியில் இறங்கிவிட்டாள்.

நைனாவும் லோகு மாமாவும் பௌத்த தீட்சை எடுத்துக்கொண்டபோது அம்மா ஏன் கூடப் போனாள் தெரியுமா? நான் கேட்டிருக்கிறேன். "புத்தரு கையில சட்டியோட வூடு வூடா வருவாராமே. எந்த வூடுன்னு பார்க்க மாட்டாராம். போடறத வாங்கிப்பாராம்." அவ்வளவுதான் அவள் தெரிந்துகொண்ட தம்மம். இப்போது அவள் பெற்ற பிள்ளையே சட்டியோடு வந்து வேண்டாம் என்றால்?

ஆகவே மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அம்மா பிடிப்பது பவுனு பெரியம்மா வீட்டுக்கு. பவுனு பெரியம்மா பிடிப்பது நம் சட்டிக்கு. அம்மா உனக்காகப் பிடிக்கவில்லை, பெரியம்மாவும் உனக்காகப் பிடிக்கவில்லை. இறாலுக்கே யாருக்காகச் செத்தோம் என்று குழம்பிவிடும். எப்படி?

பதிலை ஜல்தியாக எதிர்பார்க்கும்,
ஷாலினி

*

ஆகஸ்ட் 21

நமோ புத்தாய. தங்கை ஷாலினிக்கு நலம் உண்டாவதாக.

உன் யோசனையைப் பெரிய பந்தேவிடம் படித்துக் காட்டினேன். தியான மண்டபத்தில் அவர் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. பிறகு, "இப்போது அந்தப் பெரியம்மாவின் இறாலும் போயிற்று. நமக்குத் தெரிந்துவிட்டதே" என்றார். நீ ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வழியைத் திறந்து, எழுதியதாலேயே அதை மூடிவிடுகிறாய்.

சந்தையில் ஏற்கெனவே இறந்து கிடப்பதை வாங்கிச் சமைத்தால் குற்றமில்லை. அதையும் என்னிடம் சொல்லாதே. தயவுசெய்து இனி சாப்பாட்டைப் பற்றி எதுவும் எழுதாதே.

இங்கு காலையில் பாத்திரம் ஏந்தி அடிவாரத்து ஊருக்குப் போகிறோம். ஒரு வீட்டில் நேற்று சூடாக போண்டா போட்டார்கள். நண்பகலுக்குப் பிறகு உணவில்லை. சாயங்காலம் வயிறு தானாகப் பேசும். அதை உட்கார்ந்து கேட்பதும் பயிற்சிதான்.

சத்துணவு அண்டாவைப் பற்றி நீ இதுவரை என்னிடம் சொன்னதில்லை.

நைனாவின் இருமல் எப்படி? சாப்பாட்டைப் பற்றி எழுதாதே என்றேன். வீட்டில் எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா என்று மட்டும் எழுது.

சீலரக்கிதர்

*

நாணல்மேடு,
செப்டம்பர் 9

போண்டா பந்தேவுக்கு வணக்கம். நலம், நலமே சூழ்க, நைனாவின் இருமல் பீடியோடு சேர்ந்து போனது. எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறோம். எதை என்று சொல்ல மாட்டேன்.

சந்தையில் வாங்கலாம் என்று எழுதியிருந்தாய். பழவேற்காடு சந்தையில் கிடப்பதை யார் பிடித்தது? அம்மா காலையில் வியாபாரி தருமனிடம் போடுகிறாள். அதையே மத்தியானம் நாம் போய் வாங்கினால் சுத்தமா? தருமன் கூடை என்ன கங்கையா? சரி, விடு. உன் விதி, உன் பாத்திரம்.

வேறு வழியில்லாமல் ஒரு காரியம் செய்தேன். திட்டாதே. அம்மாவிடம், "அண்ணனுக்கு இறால் ஒத்துக்கலியாம், உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா அரிப்பாம், டாக்டர் வேணாம்னுட்டாராம்" என்று சொல்லிவிட்டேன். தொக்கைத் தடுத்தாயிற்று, யார் மனமும் நோகவில்லை என்று மார்தட்டிக்கொண்டேன்.

ஆனால் அம்மா வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "பொறந்ததுலேர்ந்து துன்னவனுக்கு இப்ப இன்னா அரிப்பு? அந்தத் துணியில இன்னா சாயம் போட்றானுங்களோ" என்று புலம்பினாள். இத்துடன் வரும் பொட்டலத்தில் காய்ந்த வேப்பிலையும் கஸ்தூரி மஞ்சளும் இருக்கின்றன. குளிக்கும்போது பூச வேண்டுமாம். பிக்கு மஞ்சள் பூசலாமா என்று பெரிய பந்தேவிடம் கேட்டு எனக்கு விதி எழுதாதே.

இன்னொன்று. பௌர்ணமிக்கு முகத்துவாரம் வழியாகத் தண்ணீர் ஏறும், இறாலும் ஏறும். அதனால் அம்மா பௌர்ணமி வழிபாட்டுக்கு வந்ததே கிடையாது. "பௌர்ணமின்னா புத்தருக்கு லீவு, எனக்கு டூட்டி" என்பாள். இந்தப் பௌர்ணமிக்கு வந்தாள். எல்லாப் பெண்களும் பறியோடு ஏரிக்குப் போக, இவள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். உன் அரிப்புக்காக.

லோகு மாமா ஐந்து சீலத்தையும் சொல்லிக் கொடுத்தார். (மாமா தம்மம் முடிந்ததும் வெளியே போய்த் தம் அடிப்பார், அது தனிக் கதை.) உயிரைக் கொல்ல மாட்டேன் என்ற முதல் வரிக்கு மட்டும் அம்மா வாயை மூடிக்கொண்டாள். மற்ற நாலையும் மாமாவைவிட உரக்கச் சொன்னாள். வெளியே வந்ததும் கேட்டேன்.

"விடிஞ்சா இறால் தடவப் போறவ இன்னா மூஞ்ச வச்சிகினு அத்த சொல்றது? பொய் பேசக் கூடாதுன்னு நாலாவதா சொல்றாங்க இல்ல?" என்றாள்.

அந்த நாலாவது வரியை நான்தான் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டேன்.

அரிப்பில்லாத அண்ணனின்
அரிப்பெடுத்த தங்கை

*

செப்டம்பர் 18

ஷாலினி,

பொட்டலம் வந்தது. அறை முழுக்கக் கஸ்தூரி மஞ்சள் வாசம்.

எனக்கு ஒன்றுமில்லை என்று அம்மாவிடம் சொல். விதியையும் சொல். பொய்யினால் அவள் பௌர்ணமி வேலையை விட்டிருக்கிறாள். வலித்தாலும் உண்மையே வலிக்கட்டும்.

அம்மா முதல் வரியைச் சொல்லாமல் விட்டதைப் பெரிய பந்தேவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "எனக்குத் தெரிந்து எத்தனையோ பேர் அந்த வரியைத் தினமும் சொல்கிறார்கள்" என்று மட்டும் சொன்னார்.

எல்லோரும் நலமாக இருக்கவும்.

ரஞ்சித் (சீலரக்கிதர்)

*

நாணல்மேடு,
செப்டம்பர் 28

அண்ணா, நலமா? இங்கே உடம்புகள் நலம்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. லோகு மாமா ஞாயிற்றுக்கிழமை காலனியைக் கூட்டி, தானம் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னார். செருப்பைக் கழற்றணும், பாத்திரத்தில்தான் போடணும், போதும் என்றால் பந்தே பாத்திரத்தின்மேல் கையை வைப்பார், மேலே திணிக்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், "முக்கியமா, பந்தேங்களுக்குன்னு யாரும் மீன், இறால், நண்டு புடிக்கக் கூடாது. தெரிஞ்சா வாங்க மாட்டாங்க" என்றார்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அடித்திருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும், "மெய்யாலுமே அரிப்பு இல்லையா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். இல்லை என்றேன். "நல்லது" என்றாள். நேற்றுக் காலை பேப்பரை எடுக்கச் சொன்னாள். சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

*ரஞ்சித்துக்கு அம்மா சொல்லி எழுதறது. அரிப்பு இல்லைன்னு தெரிஞ்சிகினேன். சந்தோசம். மஞ்சளு இருந்தா தூக்கிப் போடாத, ஆருனா பொம்பளைங்களுக்குக் குடு.*

*நீ வயித்துல இருக்கசொல்ல நெறமாசம் வரைக்கும் தண்ணியிலதான் இருந்தேன். நீ பொறந்து துன்னதும் அந்த இறாலுதான், படிச்சதும் அந்த இறாலுதான். அதெல்லாம் ஆருக்குன்னு புடிச்சேன்? உனக்கும் உந்தங்கச்சிக்கும்தான். அப்ப துன்னத இப்ப இன்னா பண்ணப் போற?*

*நான் உன் சாமியக் கொற சொல்லல. கொல்லக் கூடாதுன்றது நல்ல பேச்சுதான். எங்கைக்கு வேற வேல தெரியாது. உனக்குக் குடுக்க எங்கிட்ட வேற இன்னா கீது? கடையில வாங்கினேன்னு சொல்லி ஏமாத்திப் போட எனக்குத் தெரியும். அது வேணாம். நான் புடிப்பேன். உன் முன்னால வந்து நின்னு, உனக்குத்தான் புடிச்சேன்னு சொல்லிட்டுப் போடுவேன். வாங்கறதும் வாங்காததும் உன் இஷ்டம். வாங்கலன்னா திருப்பி எடுத்துகினு வர்றது எனக்குப் பழக்கந்தான்.*

*கால்ல முள்ளு பாத்து நட.*

இவ்வளவுதான் அண்ணா. எனக்கு இன்று சிலேடை வரவில்லை.

ஷாலினி

*

நாணல்மேடு,
அக்டோபர் 15

பந்தே அண்ணாவுக்கு, நலம் என்று நம்புகிறேன், நம்ப மட்டும்தான் முடிகிறது.

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நீங்கள் எல்லாம் மௌன விரதம் இருப்பீர்கள், சரி. பேனாவும் விரதமா? போஸ்ட்மேன் முத்துராஜ் அண்ணன் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே சைக்கிளிலிருந்தபடி கையை விரிக்கிறார். நேற்று நான் வாசலில் இல்லை. அம்மா நின்றாள். அவளுக்கும் கையை விரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

அம்மா உன்னைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வானிலையும் கேட்பதில்லை.

அண்ணா, ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

ஷாலினி

*

அக்டோபர் 23

நமோ புத்தாய.

நவம்பர் 2, காலை பத்து மணிக்கு வருகிறோம். மூவர்.

அம்மாவின் கடிதம் கிடைத்தது. படித்தேன். தினமும் படிக்கிறேன்.

எல்லோரும் நலமாக இருக்க,
ரஞ்சித்

*

நாணல்மேடு,
நவம்பர் 6

அன்புள்ள அண்ணா, நீ நலம் என்று கண்ணாலேயே பார்த்துவிட்டதால் கேட்கவில்லை. இளைத்திருக்கிறாய். மொட்டைத் தலைக்கு உன் காது ரொம்பப் பெரிசு.

நீ அங்கேயேதான் இருந்தாய், ஆனால் எதையும் பார்த்திருக்க மாட்டாய். பிக்குகள் உணவு வாங்கும்போது பாத்திரத்தைத் தவிர எதையும் பார்க்கக் கூடாதாமே. அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று காலை தூறல். அம்மா இருட்டு பிரிவதற்குள் ஏரிக்குப் போய்விட்டாள். நைனா, "ராஜம், எல்லாரு முன்னாலயும் அவமானமாயிடும், வேணாம்" என்றதற்கு, "எனக்குத்தான? ஆவட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பறி நிறையவில்லை. ஆனால் எல்லாம் பெரிது, உயிரோடு துள்ளியது. அவளே உரித்தாள், அவளே அரைத்தாள். உப்புப் பார்க்கக்கூட என் வாயில் விடவில்லை.

விகாரையில் நீங்கள் மூவரும் உட்கார்ந்ததும் எல்லோரும் வரிசையில் வந்து போட்டார்கள். அம்மா கடைசி. சின்னச் சட்டியில் மூடி போட்டு எடுத்து வந்தாள். வாசம் மூடிக்குள் நிற்கவில்லை. காலனிக்கே தெரிந்துவிட்டது. லோகு மாமா குறுக்கே வந்து மெதுவாகச் சொன்னார்.

"ராஜம்மா, வேணாம்மா. பந்தேவ சங்கடப்படுத்தாத."

"நவுருங்கண்ணா. வேணாம்னு அவன் சொல்லட்டும்."

பெரிய பந்தேவுக்கும் இன்னொருவருக்கும் அவள் ஒன்றும் போடவில்லை, கும்பிட்டுவிட்டு வந்தாள். உன் முன்னால் வந்து நின்றாள். உனக்கு அவள் கால் விரல்கள் தெரிந்திருக்கும், சேறு காயாமல் இருந்தன.

"இது உனக்குன்னு புடிச்சது. இன்னிக்கு காலையில," என்றாள். உரக்கத்தான் சொன்னாள். கேட்கவில்லை என்று நீ சொல்ல முடியாதபடி.

உன் வலது கை எழுந்தது. பாத்திரத்தின்மேல் கையை வைத்தால் வேண்டாம் என்று அர்த்தம், எல்லோருக்கும் தெரியும். அம்மா சட்டியை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் அந்த முகம்தான் அண்ணா. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது நீ பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி அவளுக்கு நீட்டிக்கொண்டிருந்தாய்.

அம்மா கரண்டி கரண்டியாகப் போட்டாள். மேலே கொஞ்சம் உன் துணியில் சிந்தியது. (எண்ணெய்க் கறை, அரப்புப் போட்டால் போகும்.) நீ சாப்பிட ஆரம்பித்தாய். பெரிய பந்தே தன் பாத்திரத்தைவிட்டு நிமிரவே இல்லை. அம்மா நகராமல் நின்றாள். "புள்ள சாப்புடுதுடி, தள்ளி உக்காரு, கண்ணு படும்" என்று பவுனு பெரியம்மாதான் அவளைப் பிடித்து இழுத்தாள்.

நீங்கள் போனபிறகு மிச்சத்தை எல்லோருக்கும் பங்கு போட்டாள். லோகு மாமா முதலில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், அப்புறம் இரண்டாவது தபா கேட்டு வாங்கினார்.

அம்மா அழவில்லை. சிரிக்கவும் இல்லை. சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மத்தியானம் படுத்துத் தூங்கினாள். பகலில் தூங்குகிற அம்மாவை நான் பார்த்ததே இல்லை.

நீ ஏன் வாங்கினாய் என்று கேட்க மாட்டேன். உனக்கு அங்கே ஏதாவது ஆகுமா என்று மட்டும் எழுது. துரத்திவிடுவார்களா?

ஷாலினி

*

நவம்பர் 17

அன்புத் தங்கை ஷாலினிக்கு அண்ணன் எழுதியது. நான் நலம். துரத்தமாட்டார்கள், பயப்படாதே. என் காதைப் பற்றிப் பேச உனக்குத் தகுதியில்லை, கண்ணாடியைப் பார்.

இது பெரிய குற்றம் இல்லை. சின்னக் குற்றம், ஆனால் குற்றம்தான். செய்தவன் மூத்த பிக்குவின் முன்னால் மண்டியிட்டுச் சொல்ல வேண்டும். திரும்பி வந்த அன்றே போய்ச் சொன்னேன். "எனக்காகக் கொன்றது என்று தெரிந்தே உண்டேன்."

இதற்கு ஒரு முறை இருக்கிறது. அவர் இரண்டே கேள்விகள் கேட்பார். நான் இரண்டு பதில் சொல்ல வேண்டும். அத்தோடு முடிந்துவிடும்.

"குற்றத்தைக் காண்கிறாயா?" என்று கேட்டார்.

"காண்கிறேன்" என்றேன். பொய்யில்லை. அம்மாவின் கால் விரல்களைப் பார்த்தேன். அவள் சொன்னதையும் கேட்டேன். அந்த இறால்கள் காலையில் உயிரோடு இருந்தன என்பதும் வாயில் வைக்கும்போது தெரிந்தது. வாங்காமல் இருந்திருந்தால் அந்த உயிர்கள் திரும்பி வரப்போவதில்லை, அம்மா மட்டும் சட்டியோடு திரும்பிப் போயிருப்பாள். அப்போது இப்படியெல்லாம் யோசித்து நான் பாத்திரத்தை நீட்டவில்லை. பாத்திரத்தை மூடத்தான் கையைத் தூக்கினேன். மூட வரவில்லை. அவ்வளவுதான்.

"இனி இவ்வாறு நடக்காமல் காத்துக்கொள்வாயா?" இது இரண்டாவது கேள்வி.

நான் வாயே திறக்கவில்லை ஷாலு. அடுத்த வருடமும் மழைக்காலம் முடிந்து வருவோம். அடுத்த வருடமும் அவள் இறங்கிப் பிடித்து வந்து நிற்பாள். அப்போது மறுப்பேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மறுக்க மாட்டேன் என்றால் இந்தத் துணியை உடுத்தியிருப்பதில் பொருளில்லை. அம்மா முதல் வரிக்கு வாயை மூடிக்கொண்டதைப்போல நானும் மூடிக்கொண்டேன்.

பெரிய பந்தே கோபப்படவில்லை. "பதில் வரும்போது வா. காத்திருக்கிறேன்" என்றார். தினமும் காலையில் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைக்கிறேன். அவர் நிமிர்ந்து பார்க்கிறார். நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வருகிறேன்.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டு. எதையும் தாண்டிக் குதிக்காதே.

தொக்கில் உப்புக் கொஞ்சம் தூக்கல். அதையும் சொல்.

ரஞ்சித்

*

நாணல்மேடு,
நவம்பர் 25

அண்ணாவுக்கு, கண்ணாடியைப் பார்த்தபிறகு எழுதுவது. இரண்டு பேர் காதும் நைனா பக்கத்துச் சொத்து. இங்கு எல்லோரும் நலம், மழை விட்டிருக்கிறது.

குதிக்காமல் படித்தேன். அம்மா வாசலில் பறிக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தாள். உப்புத் தூக்கல் என்றதற்கு, "ஏரித் தண்ணி வாயில வச்சிகினே பொழைக்கிறேன், எனக்கு எங்க தெரியுது" என்றாள். இரண்டு கேள்வி வந்த இடத்தில் கயிற்றை நிறுத்திவிட்டாள். அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள்.

"பதில் சொல்லலன்னா அவன இன்னா பண்ணுவாங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. பெரிய பந்தே காத்துகினு இருப்பாராம்."

"எத்தினி நாளு?"

"அவரு பாட்டுக்கு இருப்பாராம்மா."

"அவ்ளோ பெரிய மனுசர ஒக்கார வச்சிக்கிறானே இவன்," என்று உன்னைத்தான் திட்டினாள். கயிற்றைப் பல்லால் கடித்து இறுக்கினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "எழுது. அடுத்த வருசம் கத்திரிக்கா கொஸ்து போட்டுட்லாம்."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை மாதம் ஊரையே எதிர்த்து நின்றவள்! என்னைப் பொய் சொல்ல வைத்து, நைனாவைப் பயமுறுத்தி, லோகு மாமாவை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போய் நின்றவள், கத்திரிக்காய் என்கிறாள்.

"இன்னாம்மா, இறாலுக்குன்னு அவ்ளோ சண்ட போட்ட?"

"இறாலுக்கா போட்டேன்?" என்றாள்.

நான் பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டேன்.

"ஒரு தபா வாங்கினான் இல்ல. போதும். இனிமே அவன் வழியில அவன் துன்னட்டும்."

தண்ணீர் ஏறுகிற நேரம். பறியைப் பல்லில் கடித்துப் பார்த்தாள், கயிறு தாங்கியது. எழுந்து ஏரிப் பக்கம் போய்விட்டாள்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் போய் அந்த இரண்டாவது பதிலைச் சொல்லிவிடு அண்ணா. பெரியவர் காத்திருக்கிறார்.

ஷாலினி